பவளக்காலியின் கால்கொடி: ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு டிஜிட்டல் கேமராவை இணைத்தபோது நேர்ந்த பிழை பற்றிய நிகழ்வு ஆய்வு

கடந்த ஜனவரியில் ஒரு காலை, கோடியக்கரையை அடுத்த உப்பளப் பாத்திகளின் வரப்பில் நின்று, ஏறத்தாழ 60 மீட்டர் தொலைவில் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்த பவளக்காலி ஒன்றை ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பூட்டிப் பார்க்கும் சிறு தொலைநோக்கி) வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சிவந்த காலின் மேற்பகுதியில், வலசைப் பறவைகளை ஆராய்பவர்கள் கட்டிவிடும் சிறு பிளாஸ்டிக் கொடி இருந்தது. அதில் மூன்று குறிகள் பொறிக்கப்பட்டிருப்பது தெரிந்தாலும், பறவை இரண்டு எட்டுக்கு ஒருமுறை திரும்பிக்கொண்டே இருந்ததால் அவற்றைக் கண்ணால் படித்து முடிக்க முடியவில்லை. ஸ்கோப்போடு கேமராவைப் பூட்டுவதற்கான இணைப்பானை அதற்கு ஒரு வாரம் முன்புதான் செய்து முடித்திருந்தேன். அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் 212 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த மூன்று குறிகளில் ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

அந்த 212 படங்களும் ஏன் பயனற்றுப் போயின என்பதைத் தேடிப்போனதன் பதிவே இது. ஸ்கோப்பில் குறையில்லை, கேமராவிலும் குறையில்லை. தனித்தனியே எடுத்தால் இரண்டும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்தன. இரண்டும் சேரும் இடத்தில் நான் கவனிக்காமல் விட்ட மூன்றாவது ஒளியியல் கருவி ஒன்று இருந்தது. அது என் கண். இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. இதே வேலையில் இறங்குகிற ஒருவருக்கு அந்த மூன்று வாரங்கள் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, எண்களோடும் அளவுகளோடும் எழுதுகிறேன்.

ஒரு கொடியைப் படிப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கோடியக்கரை 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2002-இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான ராம்சாரின் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவித்து வருகிறது. வெறும் உலோக வளையம் என்றால், அதன் எண்ணைப் படிக்கப் பெரும்பாலும் அந்தப் பறவையை மறுபடியும் பிடித்தாக வேண்டும், இல்லையேல் அது செத்துக் கிடக்க வேண்டும். கொடியைத் தொலைவிலிருந்தே படித்துவிடலாம். குளிர்காலத்தில் இங்கே வந்து இரை தேடும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்கின்றன. நாம் கிட்டே போகப் போக அவை எழுந்து பறக்கின்றன; ஒவ்வொரு முறை பறக்கும்போதும் சேர்த்ததில் ஒரு பங்கு கரைகிறது. ஆகவே 60 மீட்டரிலேயே நின்று படம் எடுப்பதை ஒரு வசதிக்குறைவாக நான் எண்ணவில்லை. ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கான காரணமே அதுதான்.

இந்த முறைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். 1999-இல் மலேசியாவைச் சேர்ந்த பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, தம்முடைய 77 மி.மீ. லைக்கா ஸ்கோப்பின் கண்ணருகு வில்லையில் ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவை வைத்து எடுத்துப் பார்த்ததிலிருந்து இது பரவியது. பிரெஞ்சுப் பறவை ஆர்வலர் அலென் ஃபோசே அதே ஆண்டில் இதற்கு இந்தப் பெயரை இட்டார். அக்காலத்தில் இதற்கென்றே பலர் தேடி வாங்கிய நிக்கான் கூல்பிக்ஸ் 950, 990, 4500 ஆகிய கேமராக்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றில் ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது, எல்லா அசைவும் உள்ளேயே நடக்கும். லென்சின் முகப்பில் 28 மி.மீ. திருகு மரையும் இருந்தது. அந்த மரையில் ஒரு வளையத்தைத் திருகி, அதைக் கண்ணருகு வில்லையில் செருகினால் வேலை முடிந்தது. 950-இன் சென்சார் வெறும் 2 மெகாபிக்சல்தான் என்றாலும், இணைப்பு அவ்வளவு இயல்பாக அமைந்ததால் அதிலிருந்து நல்ல படங்கள் வந்தன. இன்றைய கேமராக்கள் சென்சாரில் எங்கோ போய்விட்டன. இணைப்பு மட்டும் கடினமாகிவிட்டது.

என் கருவிகள்

ஸ்கோப்பின் முன்வில்லை 80 மி.மீ. விட்டமுடையது, உருப்பெருக்கம் 20 முதல் 60 மடங்கு. கேமரா, 1 அங்குல வகைச் சென்சாரும் 20 மெகாபிக்சலும் கொண்ட சட்டைப்பை அளவுக் கேமரா. அதன் லென்சின் உண்மையான குவியத்தூரம் 10.4 முதல் 37.1 மி.மீ. வரை, பழைய ஃபிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால் 28 முதல் 100 மி.மீ. வரை. பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் வெளியே நீளும் வகை அது. முகப்பில் மரை கிடையாது. ஆகவே லேத் பட்டறையில் நைலான் கட்டையைக் கடைந்து, கண்ணருகு வில்லையின் மேல் இறுக்கமாக அமரும் ஒரு குழல் செய்வித்தேன். அந்தக் குழலோடு ஒரு எல் வடிவ அலுமினியப் பட்டையைப் பூட்டி, கேமராவின் அடியில் உள்ள டிரைபாட் திருகில் அந்தப் பட்டையை மாட்டினேன். கேமராவைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதும், மறுபடி மாட்டிப் படம் எடுப்பதும் பத்து நொடியில் முடிகிற காரியமாக இருந்தன. பின்னால் தெரியவந்தபடி, தவறு நுழைந்ததும் அந்த வசதியின் வழியாகத்தான்.

கணக்குகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே இவற்றில் நிற்கின்றன. ஸ்கோப்பை 20 மடங்கிலும் கேமராவை முழு ஜூமிலும் வைத்தால், 37.1 மி.மீ. லென்ஸ் 20 மடங்காகி 742 மி.மீ. ஆகிறது, ஃபிலிம் கணக்கில் இது 2000 மி.மீ. ஒளி நுழையும் வாசல் 80 மி.மீ. என்பதால், 742-ஐ 80-ஆல் வகுக்க, உண்மையான துளை அளவு எஃப் 9.3 (இந்த எண் கூடக் கூடச் சென்சாருக்கு வரும் ஒளி குறையும்). கேமராவின் திரை எஃப் 4.9 என்றே காட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு ஸ்கோப் இருப்பது அதற்குத் தெரியாது. ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 2.4 மைக்ரான், 60 மீட்டர் தொலைவில் அது பறவையின் மேல் 0.19 மி.மீ. இடத்தைக் குறிக்கும். கொடியில் உள்ள எழுத்தின் உயரம் 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், படத்தில் அந்த எழுத்து 20 பிக்சல் உயரம் இருக்கும். 20 பிக்சல் உயரமுள்ள எழுத்தைத் தாராளமாகப் படிக்கலாம். அதாவது, கணக்கின்படி இந்தக் கருவிகள் அந்தக் கொடியைப் படித்திருக்க வேண்டும்.

படங்கள் சொன்னவை

212 படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று. அவற்றை வரிசையாகப் பார்த்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. லென்சை அகலக் கோணத்தில், 28 மி.மீ. நிலையில் வைத்து எடுத்த படங்களில், கிணற்றுக்குள்ளிருந்து வானத்தைப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் கறுப்பும் இருந்தன. ஆனால் அந்த வட்டத்துக்குள் பவளக்காலி துல்லியமாக இருந்தது. இறகுகளின் விளிம்பு வரை தெரிந்தது. கொடியும் தெரிந்தது, ஆனால் அந்த நிலையில் ஒரு எழுத்துக்கு 6 பிக்சல்தான் கிடைக்கும் என்பதால் படிக்க முடியவில்லை. கறுப்பை விலக்குவதற்காக ஜூம் செய்து எடுத்த படங்களிலோ, பறவை சட்டத்தை நிறைத்து நின்றது, ஆனால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. அலகு எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத மங்கல். சில படங்களில் வலப்பக்க விளிம்பில் மட்டும் பிறை வடிவ இருள் படிந்திருந்தது.

ஜூம் செய்தால் மங்கல் என்றதும், அதிர்வுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். 2000 மி.மீ.க்கு இணையான நீளத்தில் சுண்டுவிரல் பட்டாலும் படம் ஆடும் என்பது எல்லோரும் அறிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியில் சோதித்தேன். தெருவின் மறுகோடியில், 60 மீட்டர் தள்ளியிருக்கும் தெரிந்தவர் வீட்டு மாடிச் சுவரில், தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றை ஒட்டிவைக்கச் சொன்னேன். அதைவிடச் சிறந்த சோதனை அட்டை இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை: நடுவில் கையளவு தேதி, அதன்கீழே விரல் நக அளவில் தமிழ் மாதமும் நட்சத்திரமும், அடியில் ராகு காலம், எமகண்டம், குளிகை என்று 3 மி.மீ. உயரப் பொடி எழுத்து. எது வரை படிக்க முடிகிறது என்று பார்த்தால் கருவியின் நிலை உடனே தெரிந்துவிடும். டிரைபாடின் நடுத்தண்டை முழுவதும் இறக்கி, கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, கேமராவை 2 நொடி டைமரில் விட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எடுத்தேன். தேதி படிக்க முடிந்தது. நட்சத்திரம் படிக்க முடியவில்லை. எமகண்டம் என்ற வரி ஒரு சாம்பல்நிறக் கோடாக இருந்தது. அதிர்வு இல்லை என்பது அத்தோடு உறுதியாயிற்று, ஏனெனில் அதிர்வினால் வரும் மங்கல் ஒரு திசையில் இழுபட்டிருக்கும். இது எல்லாத் திசையிலும் ஒரே சீராக மெழுகியதுபோல் இருந்தது.

அடுத்து ஸ்கோப்பையே சந்தேகித்தேன். ஆனால் கேமராவைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பார்த்தால் எமகண்டத்தின் நேரம் வரை படிக்க முடிந்தது. கேமராவைச் சந்தேகித்தேன். அதைத் தனியே வைத்து எதிர்வீட்டுச் சன்னலை எடுத்தால் கம்பியிலிருந்த துரு தெரிந்தது.

அத்தான் சொன்ன ஒரு வாக்கியம்

மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அத்தானுக்கு அறுபது கடந்துவிட்டது. தூரப் பார்வை இன்றும் துல்லியம், படிப்பதற்கு மட்டும் கண்ணாடி. நான் ஃபோகஸ் செய்து வைத்திருந்த ஸ்கோப்பில், அந்தப் படிக்கும் கண்ணாடியைப் போடாமல் கண்ணை வைத்தவர், ஒரு கணம் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாம பேப்பர் பார்க்கிற மாதிரி இருக்கே, மாப்பிள்ளை" என்றார். பிறகு அவராகவே ஃபோகஸ் சக்கரத்தைச் சற்றே திருப்பி, "இப்ப சரியா இருக்கு" என்றார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்; எனக்கு முற்றிலும் மங்கல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், தெளிவு. சக்கரத்தைத் தொடாமல் கேமராவை மாட்டிப் படம் எடுத்தேன். ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் நேரத்தோடு படத்தில் இருந்தன.

எனக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் 3 பவர். கண்ணாடியோடு ஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடி கண்ணருகு வில்லையின் விளிம்பில் உரசும் என்பதால், ஆரம்பம் முதலே கழற்றிவிட்டுப் பார்ப்பது என் பழக்கம். வெறுமனே பார்ப்பவருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஸ்கோப்பே கண்ணாடியின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். அப்போது கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கதிர்கள் இணையாக வராமல், 33 செ.மீ. தொலைவில் பிடித்த ஒரு புத்தகத்திலிருந்து வருவதுபோல் விரிந்து வருகின்றன. என் கண்ணுக்கு அது பொருந்தும். அத்தானின் கண்ணுக்கு அது கையில் பிடித்த செய்தித்தாள். அவர் சொன்ன உவமை, ஒளியியலின்படி எழுத்துக்கு எழுத்து உண்மை.

இப்போது கேமராவின் நிலையை எண்ணிப் பாருங்கள். முழு ஜூமில் அதனால் 55 செ.மீ.க்குக் குறைந்த தூரத்தில் ஃபோகஸ் செய்ய முடியாது. நான் அதன் முன்னால் 33 செ.மீ.யில் ஒரு பிம்பத்தை வைத்துவிட்டு, படம் எடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அகலக் கோணத்தில் அதே கேமரா 5 செ.மீ. வரை ஃபோகஸ் செய்யும். ஆகவே கிணற்றுவட்டப் படங்கள் துல்லியமாக வந்தன, ஜூம் படங்கள் மங்கின. ஜூம் செய்தபோதெல்லாம், ஃபோகஸ் ஆனதைக் காட்டும் பச்சைச் சட்டம் தோன்றாமல் கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்கிறேன். சேற்றில் ஒளி-நிழல் வேறுபாடு குறைவாக இருப்பதால் தடுமாறுகிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.

பிழையின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். கண்ணருகே நேரும் ஃபோகஸ் வேறுபாட்டை உருப்பெருக்கத்தின் இருமடியால் வகுத்தால், பறவை நிற்கும் பக்கத்தில் அதன் மதிப்பு கிடைக்கும். டயாப்டர் என்பது 1-ஐ மீட்டரில் உள்ள தொலைவால் வகுத்தால் வரும் எண், கண்ணாடியின் பவரும் அந்த அலகில்தான். 3 டயாப்டரை 400-ஆல் வகுக்க 0.0075. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத எண்போலத் தெரிகிறது. ஆனால் 60 மீட்டரில் நிற்கும் பறவையின் மதிப்பே 0.0167 டயாப்டர்தான். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் 0.0092 வருகிறது, அதாவது, சாதாரணக் கண் ஒன்றின் அளவில் என் ஸ்கோப் பறவையை விட்டுவிட்டு 109 மீட்டரில் ஃபோகஸ் ஆகியிருந்தது. பழைய படங்களை இந்தக் கணக்கோடு மறுபடி திறந்து பார்த்தேன். மங்கலான பவளக்காலிக்குப் பல மீட்டர் பின்னால், பாத்தியின் மறுகரையில் காய்ந்து நின்ற உமரிச் செடிகள் கிளைகிளையாகத் தெளிவாக இருந்தன. தடயம் முதல் நாளிலிருந்தே படத்தில் இருந்திருக்கிறது. நான் பறவையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்குப் பின்னால் பார்க்கவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தானுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அன்று பார்த்திருந்தால், நன்றாகத் தெரிகிறது என்றே சொல்லியிருப்பான். இளம் கண்ணின் வில்லை 33 செ.மீ.க்குத் தானாகவே வளைந்துகொடுக்கும். பிழையை உணராமலே திருத்திக்கொள்ளும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்த வளைவு இல்லாததால்தான் அது பிழையைப் பிழையாகக் காட்டியது.

எஞ்சிய பிழைகள்

ஃபோகஸ் சரியானதும், அதற்குப் பின்னால் மறைந்திருந்த சிறிய குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

கறுப்பு வட்டத்தின் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. 20 மடங்கில் என் ஸ்கோப் கண்ணுக்குக் காட்டும் காட்சியின் அகலம் ஏறத்தாழ 42 டிகிரி. கேமராவோ 28 மி.மீ. நிலையில் மூலைக்கு மூலை 75 டிகிரியைப் பார்க்கிறது. ஸ்கோப் தராத காட்சி கறுப்பாகத்தான் இருக்கும். கேமராவின் பார்வையும் 42 டிகிரிக்குச் சுருங்குவது 55 மி.மீ.யைச் சற்றுத் தாண்டியதும் நடக்கிறது. அதற்கு மேல் கறுப்பு இருக்கக் கூடாது. எனக்கோ 70 வரை இருந்தது. நீளும் லென்ஸ் கண்ணருகு வில்லையில் மோதிவிடுமோ என்று அஞ்சி, குழலில் 14 மி.மீ. இடைவெளி விட்டிருந்ததே காரணம்.

இதை அளக்க எளிய வழி உண்டு. ஸ்கோப்பை வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண்ணருகு வில்லைக்குப் பின்னால் ஒரு துண்டு பட்டர் பேப்பரைப் பிடித்தால் அதில் ஒளிப்பொட்டு ஒன்று விழும். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அந்தப் பொட்டு மிகச் சிறியதாகி, விளிம்பு கூர்மையாகி நிற்கும். 80 மி.மீ.யை 20-ஆல் வகுத்தால் வரும் 4 மி.மீ.தான் அதன் விட்டம். ஸ்கோப்புக்குள் நுழைந்த அத்தனை ஒளியும் அந்தப் பொட்டின் வழியாகவே வெளியேறுகிறது. கேமரா லென்சின் ஒளிவாசல் அங்கே அமர வேண்டும். என் ஸ்கோப்பில் அது வில்லையின் கண்ணாடியிலிருந்து 17 மி.மீ.யில் இருந்தது. கேமராவின் ஒளிவாசல் லென்சின் முகப்பில் இல்லாமல் உள்ளே ஆழத்தில் இருப்பதால், முகப்பை இயன்றவரை நெருக்கமாகக் கொண்டுவருவதே வழி. பட்டறைக்கு மறுபடி போய்க் குழலைக் குறைத்து, லென்ஸ் முழுதும் நீண்ட நிலையில் 3 மி.மீ. மட்டும் இடைவெளி வைத்தேன். கறுப்பு 55-ஐ ஒட்டி மறைந்தது.

பிறை வடிவ இருளுக்குக் காரணம் இரண்டு கருவிகளின் அச்சும் ஒன்றாதது. முழு ஜூமில், எஃப் 4.9-இல், கேமராவின் ஒளிவாசல் 7.6 மி.மீ.; அதற்குள் 4 மி.மீ. பொட்டு விழ வேண்டும் என்றால் எந்தப் பக்கமும் 1.8 மி.மீ. வரை பிசகலாம். என் அலுமினியப் பட்டை கேமராவின் எடையில் அதற்கும் மேல் வளைந்திருந்தது. கனமான பட்டை மாற்றியதும் தீர்ந்தது. நிலக்காட்சி எடுக்கும் பழக்கத்தில் நான் துளையை எஃப் 11 வரை சுருக்கிய சில படங்கள் இருண்டு போனதன் காரணமும் இதே கணக்கில் கிடைக்கிறது: 37.1-ஐ 11-ஆல் வகுத்தால் 3.4 மி.மீ.; பொட்டைவிட வாசல் சிறிது. டிஜிஸ்கோப்பிங்கில் கேமராவின் துளையை முழுதும் திறந்தே வைக்க வேண்டும்.

60 மடங்கைப் பற்றி ஒரு சொல். கொடி தெரியவில்லை என்றதும் முதல் நாள் நானும் ஸ்கோப்பை 60-க்குத் திருப்பினேன். அப்போது துளை எஃப் 28-க்குப் போகிறது. ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிறது. 80 மி.மீ. முன்வில்லையால் பிரித்துக்காட்ட முடிந்த நுணுக்கத்தின் எல்லை ஏறத்தாழ 1.45 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). 20 மடங்கிலேயே, கேமராவின் முழு ஜூமில், ஒரு பிக்சல் 0.67 ஆர்க்செகண்டைத்தான் பார்க்கிறது. வில்லை கொடுக்கக்கூடிய நுணுக்கம் அத்தனையையும் சென்சார் ஏற்கெனவே வாங்கிவிட்டது. அதற்கு மேல் பெருக்குவதால் மங்கல்தான் பெரிதாகும். 60 மடங்கு கண்ணுக்கானது, கேமராவுக்கானதன்று.

கைபேசியை ஸ்கோப்பில் வைத்து எடுப்பவர்கள் இன்று ஏராளம். அதன் லென்ஸ் மிகச் சிறியது, ஒளிவாசல் முகப்பை ஒட்டியே இருக்கிறது, ஆகவே எளிதில் பொருந்துகிறது. பறவை இன்னதென்று அடையாளம் காண்பதற்கு அதுவே போதும். கொடியைப் படிக்க வேண்டிய தொலைவில்தான் பெரிய சென்சாரும் ஜூமும் தேவைப்படுகின்றன.

இரண்டாவது பயணம்

பிப்ரவரியில், வனத்துறையின் அனுமதியோடு, அதே வரப்புக்குப் போனேன். காலை 6.45-க்கு முக்காலியை ஊன்றிவிட்டேன். அதன் கால்கள் உப்புச்சேற்றில் சிறுகச் சிறுக இறங்குவதை முதல் பயணத்தில் கண்டிருந்ததால், மூன்று கொட்டாங்குச்சிகளை எடுத்துப்போயிருந்தேன். குழிவான பக்கம் மேலே இருக்கும்படி சேற்றில் அழுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்தால் மணிக்கணக்கில் அசையாது. கேமரா பின்னால் தொங்குவதால் ஸ்கோப்பின் எடை பின்பக்கம் சாயும் என்பதற்காக, அடித்தட்டில் ஸ்கோப்பை நான்கு விரற்கடை முன்னே தள்ளிப் பூட்டியிருந்தேன். கையை எடுத்தாலும் அது வைத்த இடத்தில் நின்றது.

ஃபோகஸ் செய்யும் முறையை முழுவதும் மாற்றிவிட்டேன். கண்ணாடியோடு பார்த்து முதலில் பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. கேமராவை மாட்டிய பின், கேமராவின் ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தி, திரையில் கொடியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ஸ்கோப்பின் சக்கரத்தைத் திருப்பி இறுதிசெய்வது. அதன்பின் கேமராவைத் தானியங்கி ஃபோகஸுக்கு விடுவது. இந்தக் கடைசிப் படிக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் களத்தில் நின்றுதான் உணர்ந்தேன். 60 மீட்டரில் ஸ்கோப்பை இவ்வாறு நிறுத்திவிட்டால், பறவை நம்மை நோக்கி 47 மீட்டர் வரை நடந்து வந்தாலும் கேமரா தானாகவே பின்தொடர்ந்து திருத்திக்கொள்கிறது. ஆனால் பறவை விலகிப் போகத் தொடங்கினால் கேமராவால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது கதிர்கள் குவிந்து வருகின்றன; முடிவிலிக்கு அப்பால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் எதுவும் அதில் இல்லை. விலகும் பறவைக்கு ஸ்கோப்பின் சக்கரத்தைத் தொட்டே ஆக வேண்டும்.

அதே பவளக்காலிதானா என்று அறிய வழியில்லை. கொடியுள்ள ஒரு பவளக்காலி 7.40-க்கு வந்தது. ஐஎஸ்ஓ 800, ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு. தொடர்ச்சியாக எடுத்த 64 படங்களில் 9 படங்களில் கொடி நம் பக்கம் திரும்பியிருந்தது. ஒன்பது மணியைத் தாண்டியதும் பாத்திகளின் மேல் கானல் எழத் தொடங்கியது. காற்றே நெளியும்போது எந்த இணைப்பானும் உதவாது. பறவையின் கால்கள் திரையில் பாம்புபோல் அலைந்தன. அதற்குப் பிறகு எடுத்த எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த 9 படங்களில் முதல் இரண்டு குறிகளும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. மூன்றாவதன் ஓரத்தில் உப்புச்சேறு ஒட்டியிருக்கிறது. அது 8 என்ற எண்ணாகவும் இருக்கலாம், B என்ற ஆங்கில எழுத்தாகவும் இருக்கலாம். கொடியின் நிறம், அது இருந்த கால், இடம், நேரம் எல்லாவற்றையும் குறித்து, 9 படங்களையும் குறைக்காமல் இணைத்து, மூன்றாவது குறி இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி இட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.